கர்ப்பிணி இருக்கும் லயத்தை ஜிகாவிடமிருந்து காப்பது எப்படி: தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜிகா என்றதும் பலருக்கு நினைவு வருவது பிரேசில். தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளின் படங்களை 2016இல் தொலைக்காட்சியில் பார்த்தோம், பரிதாபப்பட்டோம், மறந்துவிட்டோம். ஆனால் இந்த வைரஸுக்கும் நம் ஊருக்கும் உள்ள தொடர்பு அதைவிடப் பழையது. 1947இல் உகாண்டாவின் ஜிகா காட்டில், ஆய்வுக்காக வைத்திருந்த ஒரு குரங்கின் ரத்தத்தில்தான் இது முதலில் தெரியவந்தது. அதற்குப் பிறகு ஆப்பிரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகப் பிடிபட்டது நம் மலேசியாவின் பெந்தோங்கில். 1966இல் இங்கே பிடித்த ஏடிஸ் எஜிப்டி கொசுக்களிலிருந்து இந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2016 செப்டம்பரில், சிங்கப்பூர் போய்வந்த கிள்ளான் பெண்மணி ஒருவருக்கு ஜிகா உறுதியானது. சில நாட்களில் கோத்தா கினபாலுவில் ஒருவருக்கு வந்தது. அப்புறம் ஜொகூர் பாருவில் ஒரு கர்ப்பிணிக்கு. அந்த ஆண்டு நாட்டில் பதிவானவர்கள் மொத்தம் 8 பேர். எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் இந்த நோய் வந்த ஐந்து பேரில் நால்வருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அறிகுறி இல்லாதவர் கிளினிக்குக்குப் போகமாட்டார், கணக்கிலும் வரமாட்டார்.

அதனால் இந்த வழிகாட்டியில் காய்ச்சல் வந்த பிறகு செய்வதைவிட, வருவதற்கு முன்பே செய்வதைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நீ வயித்துப் பிள்ளைக்காரி, நீ கவனமா இரு" என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. ஜிகாவில் அது செல்லாது. அவளைக் கடிக்கும் கொசு பக்கத்து வீட்டு டிரம்மில் பிறந்ததாக இருக்கலாம். கொசுவே கடிக்காமல், கணவனிடமிருந்தும் அவளுக்குத் தொற்றலாம். கணவன், மாமியார், அடுத்த கதவுக்காரர், தோட்ட நிர்வாகம் என்று எல்லாருக்கும் இதில் வேலை இருக்கிறது.

எப்படிப் பரவுகிறது, என்ன செய்கிறது

முக்கியமான வழி ஏடிஸ் கொசு. டெங்கியையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது இதே கொசுதான். அடுத்து, தொற்று உள்ள தாயிடமிருந்து வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் போகிறது. மூன்றாவது, உடலுறவு. நான்காவது, ரத்தம் ஏற்றுவது. கை குலுக்கினால், ஒரே தட்டில் சாப்பிட்டால், தும்மினால் பரவாது. ஆகவே நோய் வந்தவரை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

கொசு கடித்த 3 முதல் 14 நாட்களுக்குள் அறிகுறி தெரியும், தெரிகிறவர்களுக்கு. லேசான காய்ச்சல், உடம்பில் சிவந்த தடிப்பு, சீழ் வடியாத கண் சிவப்பு, மூட்டு வலி, தலைவலி. ஒரு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். பெரியவர்களில் மிகச் சிலருக்கு மட்டும் குயில்லன்-பாரே என்ற நரம்புப் பாதிப்பு வரும். கால் மரத்துப்போய் பலவீனம் மேல்நோக்கி ஏறும். அப்படி ஏதும் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளாமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் பயம் குழந்தையைப் பற்றியது. கர்ப்ப காலத்தில் ஜிகா தொற்றிய தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு அதனால் ஏதோ ஒரு பாதிப்பு இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. தலை சிறுத்திருப்பது, மூளை வளர்ச்சி குன்றுவது, கண் பார்வை, காது கேட்பது, கைகால் மூட்டுகள் மடங்கியே இருப்பது எல்லாம் இதில் அடங்கும். கருச்சிதைவும் குறைப்பிரசவமும் நேரலாம். தாய்க்குக் காய்ச்சலே வராமல் இருந்திருந்தாலும் குழந்தைக்குப் பாதிப்பு வரலாம். முதல் மூன்று மாதத்தில் ஆபத்து அதிகம். ஆனால் எந்த மாதமும் முழுப் பாதுகாப்பானது இல்லை.

அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், தொற்று வந்த தாய்மாரில் பெரும்பாலோருக்கு இப்படிப்பட்ட பாதிப்பு இல்லாத குழந்தைதான் பிறக்கிறது. பயந்து நடுங்கும் ஒரு பெண்ணிடம் இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

தடுப்பூசி இன்னும் இல்லை. வைரஸைக் கொல்லும் மருந்தும் இல்லை.

முதல் படி: வீட்டையும் வெளியையும் வாரம் ஒரு முறை சுற்றி வருவது

எல்லாப் படிகளிலும் அதிகப் பலன் தருவது இதுதான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஏடிஸ் சாக்கடைக் கொசு இல்லை. அதற்குத் தேவை வீட்டைச் சுற்றித் தேங்கி நிற்கும் ஓரளவு தெளிந்த தண்ணீர். முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடாது. பாத்திரத்தின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிவைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் தொட்டால் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே திரும்ப நிரப்பினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பிரஷ் போட்டு உள்சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை பறக்கும் கொசுவாக மாற 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒரு முறை என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஒரு வாரம் தவறினால் அந்தத் தொகுதி பறந்துவிடும்.

வாரம் 10 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறது சுகாதார அமைச்சு. அடுக்குமாடி வீட்டுக்கு அது சரிவரலாம். வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டுக்குப் பின்கட்டு, கோழிக்கூடு, வாழை, தண்ணீர் டிரம் என்று எத்தனையோ உண்டு. அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு ஆம்பிளைகள் வீட்டில் இருக்கும் நேரம் நல்லது. கனமான டிரம்மைக் கவிழ்ப்பதும் கூரை ஓரக் குழாயை எட்டிப் பார்ப்பதும் கர்ப்பிணி செய்யும் வேலை இல்லை.

வீட்டுக்குள்ளிருந்து தொடங்குங்கள். குளியலறைத் தொட்டி, குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் மணி பிளாண்ட், சாமி மேடையில் இருக்கும் செம்பும் பூச்சாடியும். சமையலறை அலமாரியின் கால்களுக்கு எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. யாரும் குனிந்து பார்க்காத இடம் அது. தண்ணீருக்குப் பதில் சமையலுக்கு ஆகாத பழைய எண்ணெயை ஊற்றிவையுங்கள், எறும்பும் ஏறாது, கொசுவும் வளராது. யாரும் பயன்படுத்தாத கழிப்பறை இருந்தால் வாரம் ஒரு தடவை தண்ணீரை இழுத்துவிட்டு மூடிவையுங்கள்.

பிறகு வெளியே. மழைநீர் பிடிக்கும் டிரம்முக்கு இறுக்கமான மூடி வேண்டும். மூடி இல்லாவிட்டால் மெல்லிய வலையைப் போர்த்திக் கயிற்றால் கட்டுங்கள். மோட்டார் சைக்கிள் மேல் போட்ட தார்ப்பாயின் மடிப்பில் ஒரு குவளைத் தண்ணீர் நிற்கும். பழைய டயர், உரச் சாக்கு, பெயிண்ட் டப்பா, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணம், பூந்தொட்டியின் அடித்தட்டு எல்லாவற்றையும் பாருங்கள். கோயிலுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் சிரட்டைகளையும் விடாதீர்கள். திருவிழா முடிந்த வாரத்தில் அங்கே தண்ணீர் நிற்காத சிரட்டையைப் பார்ப்பது அரிது.

இப்போது காட்டுப் பக்கம். நம் தோட்டங்களில் அதிகம் திரிவது ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற இன்னொரு வகை. கருப்பு உடம்பில் வெள்ளைக் கோடுகளோடு, முதுகின் நடுவே நேராக ஒரே ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். இதுவும் ஜிகாவைக் கடத்தக்கூடியது. மரப்பொந்து, வெட்டிய மூங்கில் கணு, வாழை இலையின் மட்டை இடுக்கு எல்லாம் இதற்குப் போதும். பால்மரக் (ரப்பர்) காட்டில் இதற்கு மிகவும் பிடித்தது மங்கு, அதாவது பாலைப் பிடிக்க மரத்தில் கட்டும் கிண்ணம். தினமும் பால் எடுக்கும் மரத்தில் பிரச்சினை அவ்வளவு இல்லை. வெட்டு நிறுத்திய காட்டில், இலையுதிர் காலத்தில் ஓய்வு விட்ட மரங்களில், மறுநடவுக்குக் காத்திருக்கும் பகுதியில் மரத்துக்கு ஒரு மங்காக மழைத்தண்ணீரை ஏந்திக்கொண்டு நிற்கும். பால் எடுத்து முடித்ததும் மங்கைக் கவிழ்த்துவிடுங்கள். வெட்டு இல்லாத காட்டில் மங்குகளைக் கழற்றி எடுத்துவிடச் சொல்லி வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேளுங்கள். செம்பனைத் தோட்டம் என்றால் நாற்றுப் பைகளையும் மருந்தடிக்கும் பழைய கேன்களையும் கவனியுங்கள்.

கொட்ட முடியாத பெரிய தொட்டிக்கு அபேட் மணல் இருக்கிறது. டெமெபோஸ் என்ற மருந்து கலந்த மணல் அது. வழக்கமான அளவு 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். 200 லிட்டர் டிரம்முக்கு 20 கிராம். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவைப் படித்துவிட்டுப் போடுங்கள். அதிகம் போட்டால் அதிகம் வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரை மாற்றித் தேய்த்துக் கழுவினால் மீண்டும் போட வேண்டும். குடிக்கும் பானைக்கு மருந்து வேண்டாம், நல்ல மூடியே போதும்.

இரண்டாம் படி: உடம்பில் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வது

ஏடிஸ் பகலில் கடிக்கும். விடிந்த பிறகு சில மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முன் சில மணி நேரமும் அதற்கு உச்ச வேளை. பால் வெட்டும் பெண்களின் வேலை நேரமும் இதுதான். இருட்டோடு காட்டுக்குள் போய், வெயில் ஏறும்வரை நிழலில் நிற்கிறார்கள். வீட்டில் இரவு வலை கட்டிப் படுத்தால் போதும் என்ற எண்ணத்தை விடுங்கள். பகலில் படுத்து ஓய்வெடுக்கும் கர்ப்பிணிக்கும், பகல் முழுக்கத் தூங்கும் கைக்குழந்தைக்கும் பகலிலேயே வலை வேண்டும்.

கைமூடிய சட்டை, நீளக் கால்சட்டை, காலுறை. வெளிர்நிறம் நல்லது. வேலைக்குப் போகும் எல்லாரும் இப்படி உடுத்துவதுதான், புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, மெல்லிய நைட்டியோடு வாசலில் உட்கார்ந்து பேசும் அந்த மாலை நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

பூசும் மருந்து வாங்கும்போது பெயரைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். டீட், பிகாரிடின், ஐ.ஆர் 3535 இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். அட்டையில் சொன்னபடி பயன்படுத்தினால் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இவை பாதுகாப்பானவை. "மருந்து பூசினால் பிள்ளைக்கு ஆகாது" என்று பல அத்தைமார் தடுப்பார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் கொசுக்கடி பிள்ளைக்கு அதைவிட ஆகாது என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். டீட் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நாலைந்து மணி நேரம் தாங்கும். வியர்த்துக் கொட்டும் வேலையில் அதற்கு முன்பே மறுபடி பூச வேண்டியிருக்கும். துணிக்குள் மறையும் இடத்தில் வேண்டாம், கண், வாய், புண் மேல் வேண்டாம். வெயிலுக்குக் கிரீம் பூசுகிறவர்கள் அதை முதலில் பூசிவிட்டு மேலே இதைப் பூசுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எதுவும் பூசக் கூடாது, வலை மட்டும்.

வேப்பெண்ணெய், செராய் (எலுமிச்சைப் புல்) எண்ணெய் பற்றிக் கேட்பார்கள். வாசனை இருக்கும்வரை கொஞ்சம் விரட்டும், சீக்கிரம் போய்விடும். கர்ப்பிணி அதை மட்டும் நம்பிக் காட்டுக்குள் போக வேண்டாம். கொசுவர்த்தியைப் பூட்டிய அறைக்குள் ஏற்றிவைத்து அதன் புகையில் கர்ப்பிணியைப் படுக்கவைப்பதையும் நிறுத்துங்கள். ஜன்னலுக்கு வலை அடிப்பது ஒருமுறைச் செலவு, பல வருடம் நிற்கும்.

மூன்றாம் படி: கணவன்மார் படிக்க வேண்டியது

இந்தப் பகுதியைக் கணவரிடம் நேரடியாகக் காட்டுங்கள். அவரிடமே பேசுகிறேன்.

ஐயா, ஜிகா வைரஸ் ஆணின் விந்தில் ரத்தத்தைவிட நீண்ட காலம் தங்குகிறது. உங்களுக்குக் காய்ச்சல் வந்து போயிருக்கலாம், வராமலேயே போயிருக்கலாம். இரண்டு நிலையிலும் மனைவிக்குத் தொற்ற முடியும். அதனால் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது. ஜிகா வந்த ஆண், அல்லது ஜிகா பரவும் இடத்துக்குப் போய்வந்த ஆண், 3 மாதம் ஆணுறை இல்லாமல் உறவு கொள்ளக் கூடாது. பெண்ணுக்கு அது 2 மாதம். மனைவி ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் 3 மாதக் கணக்கெல்லாம் இல்லை. பிரசவம் வரை ஒவ்வொரு முறையும் ஆணுறை, இல்லாவிட்டால் உறவைத் தவிர்ப்பது.

கர்ப்பமான பிறகு எதற்கு ஆணுறை என்று தோன்றும். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மட்டும்தான் அது என்று நாம் பழகிவிட்டோம். இங்கே அது குழந்தையின் மூளையைக் காப்பதற்கு. மனைவி இதைக் கேட்டால் சந்தேகப்படுகிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் கேட்கும் நிலைக்கு விடாமல் நீங்களே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. மருந்துக்கடையிலும் பெட்ரோல் நிலையக் கடைகளிலும் ஆணுறை கிடைக்கும்.

நம் ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் வேலைக்குப் போய் வாரக்கடைசியில் வீடு திரும்பும் ஆண்கள் ஏராளம். 2016இல் சிங்கப்பூரில் அல்ஜுனிட் பகுதியில் ஜிகா பரவியபோது பாதிக்கப்பட்டவர்களில் கட்டுமானத் தொழிலாளர்கள் பலர் இருந்தார்கள். கோயில், கல்யாணம், சொந்தபந்தம் என்று இந்தியா போய்வருவோரும் உண்டு. 2021இல் கேரளாவில், திருவனந்தபுரம் பக்கம், ஜிகா பரவியது. முதலில் உறுதியானது ஒரு கர்ப்பிணிக்கு. பயணம் போவதற்கு முன் அந்த இடத்தில் ஜிகா இருக்கிறதா என்று கிளினிக்கில் கேளுங்கள். கர்ப்பிணி அப்படிப்பட்ட இடத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது. போய்வந்தவர் யாராக இருந்தாலும், திரும்பிய பிறகு 3 வாரம் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களைக் கடித்த கொசு அடுத்த வீட்டுக்காரியைக் கடிக்கும்.

நான்காம் படி: கர்ப்பத்துக்கு முன்பே திட்டமிடுவது

குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த தம்பதி முதலில் அரசாங்க கிளினிக்கில் முன்கர்ப்ப ஆலோசனை கேட்கலாம். போலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே சாப்பிட வேண்டும். ஜெர்மன் தட்டம்மைக்கான ஊசி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் வயிற்றுப் பிள்ளையைக் கெடுக்கும் வைரஸ்தான், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது என்பது நம் அதிர்ஷ்டம்.

இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு, அல்லது பயணத்துக்குப் பிறகு சில மாதம் காத்திருக்க நினைப்பவர்களுக்கு, மாத்திரை, ஊசி, கருப்பைக்குள் வைக்கும் வளையம், கையில் வைக்கும் சிறு குச்சி என்று பல வழிகள் உண்டு. அரசாங்கத் தாய்சேய் கிளினிக்கிலும், எல்.பி.பி.கே.என் என்று எல்லாரும் சொல்லும் தேசிய மக்கள்தொகை குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக்குகளிலும் விசாரிக்கலாம். இவற்றில் ஆணுறையைத் தவிர எதுவும் ஜிகா தொற்றைத் தடுக்காது. கர்ப்பத்தை மட்டும் தடுக்கும்.

முன்பு ஜிகா வந்து போனவர்களுக்கு ஒரு வார்த்தை. அது மலட்டுத்தன்மையைத் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வைரஸ் உடம்பிலிருந்து போன பிறகு அடுத்து வரும் கர்ப்பத்தைப் பாதிக்காது. குறிப்பிட்ட மாதங்கள் காத்திருந்தால் போதும். இதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணின் மேல் பழி போட யாரையும் விடாதீர்கள்.

ஐந்தாம் படி: கர்ப்ப காலத்தில் காய்ச்சலோ தடிப்போ வந்தால்

நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் சீக்கிரம் கிளினிக்கில் பதிந்து கர்ப்பப் பரிசோதனைப் புத்தகம் வாங்கிவிடுங்கள், 12 வாரத்துக்குள். தொடக்கத்தில் எடுக்கும் ஸ்கேனில்தான் கர்ப்பத்தின் வயது சரியாகத் தெரியும். பின்னால் குழந்தையின் தலை அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க இந்தக் கணக்குதான் அடிப்படை. ஆறாம் மாதம் போய்ப் பதிந்தால் அந்தக் கணக்கு மங்கிவிடும். கடந்த மாதங்களில் நீங்களோ கணவரோ எங்கே போய்வந்தீர்கள் என்பதையும் அன்றே சொல்லுங்கள்.

தடிப்பு வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? "அம்மா வந்திருக்கு" என்று வாசலில் வேப்பிலை கட்டி, வெளியே விடாமல், மருந்து எதுவும் கொடுக்காமல் வைத்திருப்பார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றுங்கள். ஆனால் கர்ப்பிணியை அன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். ஏனென்றால் ஜிகாவைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர் சோதனைக்குக் காலக்கெடு இருக்கிறது. ரத்தத்தில் வைரஸ் முதல் ஒரு வாரம்தான் நன்றாகத் தெரியும், சிறுநீரில் இன்னும் கொஞ்ச நாள். தடிப்பு ஆறி, தண்ணீர் ஊற்றிய பிறகு போனால் பதில் கிடைக்காமலே போகலாம். தாமதமாகச் செய்யும் எதிர்ப்பொருள் சோதனை டெங்கியோடு குழம்பும். டெங்கி வந்துபோனவர்கள் இவ்வளவு பேர் இருக்கும் நாட்டில் அது பெரிய சிக்கல்.

மலாய் சரளமாக வராதவர்கள் கவுண்டரில் இதைச் சொன்னால் போதும்: "சாயா மெங்காண்டோங், டெமாம், அடா ருவாம்." கர்ப்பமாக இருக்கிறேன், காய்ச்சல், தடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். எத்தனையாவது வாரம், காய்ச்சல் தொடங்கிய தேதி, பயணம் போன இடம், லயத்தில் வேறு யாருக்காவது காய்ச்சலா, இவ்வளவையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தோட்ட மருந்தகத்து டிரெஸ்ஸரிடம் மாத்திரை வாங்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். சந்தேகம் இருந்தால் மருத்துவர் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிப்பார். அலுவலர்கள் வீட்டுப் பக்கம் வந்து பார்ப்பார்கள். அது உங்களைக் குற்றம் சொல்ல இல்லை, அடுத்த கர்ப்பிணியைக் காக்க.

வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், இபுபுரோபென் போன்றவை வேண்டாம். வந்திருப்பது டெங்கியாக இருந்தால் ரத்தக்கசிவை அவை கூட்டிவிடும். டெங்கிதான் நம்மிடம் அதிகம், 2019இல் மட்டும் நாட்டில் 1,30,000 பேருக்கு மேல் வந்தது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மிகுந்த சோர்வு, காய்ச்சல் இறங்கிய பிறகும் உடம்பு சில்லிட்டுப்போவது: இதில் ஒன்று தெரிந்தாலும் நேராக மருத்துவமனை. காய்ச்சலோடு இருப்பவர் பகலிலும் வலைக்குள் இருக்கட்டும். அந்த வாரத்தில் அவரைக் கடிக்கும் கொசுதான் நோயைச் சுமந்து செல்லும். இப்போதைக்கு ரத்த தானமும் வேண்டாம், பிறகு போகும்போதும் இந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஜிகா உறுதியானால் மகப்பேறு நிபுணரிடம் அனுப்புவார்கள். அடிக்கடி ஸ்கேன் எடுப்பார்கள். தலை சிறுத்திருப்பது கர்ப்பத்தின் பிற்பாதியில்தான் பெரும்பாலும் தெரியும். ஆகவே முதல் ஸ்கேன் நன்றாக இருந்தது என்று அடுத்ததை விட்டுவிடாதீர்கள். இந்த இடத்தில் குடும்பத்தில் பேச்சு கிளம்பும், யாராவது கருவைக் கலைக்க ஏதோ மாத்திரையோ நாட்டு மருந்தோ கொண்டுவருவார்கள். வாங்காதீர்கள். தாயின் உயிருக்கே ஆபத்து. தாயின் உடல், மன நலம் பற்றிய எந்த முடிவையும் சட்டப்படி, மருத்துவரோடு உட்கார்ந்து பேசி எடுக்க இடம் இருக்கிறது. அந்தப் பெண் தனியாகப் போகாமல் கூட ஒருவர் போங்கள்.

ஆறாம் படி: லயம் முழுவதும் சேர்ந்து செய்வது

ஏடிஸ் நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் சுற்றும். அதாவது உங்கள் கொசு உங்கள் லயத்துக் கொசு. ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து பலன் இல்லை. மாதம் ஒரு முறை கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை, வையுங்கள். தமிழ்ப்பள்ளி, கோயில் வளாகம், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களம், கைவிடப்பட்ட காலி வீடுகள் எல்லாம் அதில் வரட்டும். கொங்சி என்ற தொழிலாளர் கொட்டகையில் தங்கியிருக்கும் வங்காளதேச, இந்தோனேசிய, நேப்பாளத் தொழிலாளர்களையும் கூப்பிடுங்கள். அவர்களைக் கடிக்கும் கொசுவும் நம்மைக் கடிக்கும் கொசுவும் ஒன்றுதான்.

புகையடிப்பதைப் பற்றித் தவறான நம்பிக்கை இருக்கிறது. புகை பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். புழுவும் முட்டையும் அப்படியே இருக்கும், அடுத்த வாரம் புதிய கொசு வரும். புகையடிக்க வரும்போது கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, சாப்பாட்டை மூடிவைத்து, கர்ப்பிணியையும் குழந்தைகளையும் தூரமாக அழைத்துப் போங்கள். புகை அடங்கிய பிறகு திரும்பலாம்.

1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, தன் இடத்தில் கொசு வளர விட்டவருக்கு 500 வெள்ளி (ரிங்கிட்) வரை உடனடி அபராதம் விதிக்கலாம். வழக்குக்குப் போனால் முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். வீட்டுக்காரருக்கும் பொருந்தும், தோட்ட நிறுவனத்துக்கும் பொருந்தும். அடைத்துக்கிடக்கும் கால்வாய், உடைந்த தண்ணீர்த் தொட்டி, கழற்றப்படாத மங்குகள் இருந்தால் படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் நிர்வாகத்திடம் கொடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் வீடுகளைச் சுகாதாரமாக வைத்திருக்க முதலாளிக்கு 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்திலும் கடமை உண்டு. பதில் வராவிட்டால் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குப் போகலாம். கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது, தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டிய விஷயம் இல்லை.

ஏழாம் படி: குழந்தை பிறந்த பிறகு

கர்ப்ப காலத்தில் ஜிகா வந்திருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ, பிரசவ அறையிலேயே அதைச் சொல்லுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தலைச் சுற்றளவை அளந்து எழுதுவார்கள். அளவு இயல்பாக இருந்தாலும் கண், காது, வளர்ச்சி ஆகியவற்றைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும். பிறக்கும்போது சரியாக இருந்த தலை பிறகு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகள் உண்டு. மாதாமாதம் தடுப்பூசிக்குப் போகும்போது தலையையும் அளக்கச் சொல்லுங்கள். கழுத்து நிற்பது, திரும்பிப் பார்ப்பது, சத்தத்துக்கு அசைவது இவற்றைப் பாட்டிமார் நன்றாகக் கவனிப்பார்கள். அவர்கள் சொல்வதையும் நர்ஸிடம் சொல்லுங்கள். குறை தெரிந்தால் சீக்கிரம் தொடங்கும் பயிற்சிச் சிகிச்சை நிறைய உதவும். உதவித்தொகைக்கு ஊனமுற்றோர் பதிவு அட்டை வேண்டும், அதைச் சமூக நலத்துறை அலுவலகத்தில் எடுக்கலாம்.

தாய்ப்பால் கொடுங்கள். ஜிகா வந்த தாயும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாலில் வைரஸின் தடயம் கண்டிருக்கிறார்கள், ஆனாலும் பாலின் நன்மை அதைவிடப் பெரியது. பிள்ளை பெற்றவளையும் கைக்குழந்தையையும் பூட்டிய அறையில் புகை போட்டு வைக்காமல், ஜன்னலுக்கு வலை அடித்து, தொட்டிலுக்கும் வலை கட்டி, பகலில் காற்றோட்டமாக வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சுற்று குழந்தை பிறந்த பிறகும் நிற்கக் கூடாது.